கைமுட்டு ஒடிஞ்சு கம்பி எடுத்தாச்சு, நிமிரல. உழிச்சலுக்கு (எண்ணெய் போட்டுத் தேய்க்கிறதுக்கு) கொண்டு போகலாமா?

தக்கலை_அம்மை | இரவு 9.40

எனக்க மவனுக்கு ஏழு வயசு. மே மாசம் லீவுல பக்கத்து விளையில கொல்லாமரத்துல ஏறி, கொப்பு ஒடிஞ்சு, வலது கையை ஊன்றி விழுந்தான். கைமுட்டுக்கு மேல ஒடிவு. அண்ணைக்கு ராத்திரியே ரெண்டு கம்பி போட்டு மாவுக்கட்டு வச்சாங்க. நாலு வாரத்துல கம்பியும் கட்டும் எடுத்தாச்சு. இப்ப 12 நாள் ஆகுது.

கை பாதிதான் மடங்குது. நீட்டச் சொன்னா வளைஞ்சே நிக்குது. வாய்க்குக் கை எட்டாததால சோறு நான்தான் ஊட்டுறேன். எக்ஸ்ரே பாத்த டாக்டர் “எலும்பு கூடியாச்சு, தானா வரும், உழியாதீங்க” என்று மட்டும் சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஏன் உழியக்கூடாதுன்னு சொல்லல.

எனக்க மாமி, ஏழு நாள் எண்ணெய் போட்டு உழிஞ்சா கை நேராயிரும், கருங்கல் பக்கத்துல தெரிஞ்ச ஆசான் இருக்கார்னு சொல்றாங்க. அவங்க பேச்சைத் தட்டிப் பழக்கமில்ல. வெள்ளிக்கிழமை போகலாம்னு இருக்கோம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எலும்புப்_பிரிவு | இரவு 10.15

அக்கா, வெள்ளிக்கிழமை போகாதீங்க. நான் எலும்பு மருத்துவம் படிக்கிறவன். அந்த டாக்டர் சொன்னது சரி, காரணத்தையும் சொல்லியிருக்கலாம். அதை நான் சொல்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துப் படிங்க.

கைமுட்டு பாக்க ஒரே மூட்டு. உள்ளே மூணு எலும்பும் மூணு மூட்டும் ஒரே உறைக்குள்ள இருக்கு. மேலே ஹியூமரஸ், கீழே சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். அல்னா கதவுக் கீல் மாதிரி ஹியூமரஸைக் கவ்விக்கிட்டு மடக்கி நீட்டும். ரேடியஸின் தலை வட்டமா இருக்கும், ஒரு வளையத் தசைநாருக்குள்ள சுழலும். சாவியைத் திருப்புறதும் உள்ளங்கையில தண்ணி ஏந்துறதும் அந்தச் சுழற்சியாலதான்.

உங்க பையனுக்கு ஒடிஞ்ச இடம் கீலுக்குச் சற்று மேலே. அங்கே ஹியூமரஸுக்கு முன்னாலயும் பின்னாலயும் குழி இருக்கு, நடுவுல எலும்பு வெற்றிலை மாதிரி மெல்லிசு. கையை ஊன்றி விழும்போது முட்டு பின்பக்கமா வளையும். அல்னாவின் முனை பின்குழிக்குள்ள நெம்புகோல் மாதிரி குத்தும், மெல்லிசா இருக்கிற இடம் உடையும். பிள்ளைகளுக்குத் தசைநார் வலுவானது, அதனால முதல்ல விட்டுக்கொடுக்கிறது எலும்புதான். இதுக்கு சுப்ராகாண்டைலர் முறிவு என்று பேர். பிள்ளைகளுக்குக் கைமுட்டில் வர்ற முறிவுகள்ல இதுதான் அதிகம். அஞ்சு முதல் ஏழு வயசுல ரொம்ப வரும், லீவு காலத்துல எங்க வார்டே இதுதான்.

இனி உழிச்சல். கைமுட்டின் முன்பக்கம் பிரேக்கியாலிஸ் என்று ஒரு தசை எலும்போடு ஒட்டிக் கிடக்கு. எலும்பு ஒடிஞ்சாலோ மூட்டு விலகினாலோ அதுவும் கிழியும், உள்ளே ரத்தம் கட்டும். அந்த நேரத்துல அமுக்கித் தேய்ச்சாலோ, பலமாப் பிடிச்சு நீட்டினாலோ, கிழிஞ்ச தசைக்குள்ளயே புது எலும்பு வளர ஆரம்பிக்கலாம். மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று சொல்வாங்க. மூணு நாலு வாரத்துக்குப் பிறகு எக்ஸ்ரேயில மேகம் மாதிரி தெரியும், பிறகு கல்லா இறுகும். உடம்புல இது அதிகம் வர்ற இடங்கள்ல கைமுட்டு ஒண்ணு. நிமிர வேண்டிய கை பூட்டுப் போட்ட மாதிரி ஆயிரும்.

நாலு வாரம் கட்டுக்குள்ள இருந்த முட்டு 12 நாள்ல நிமிராம இருக்கிறது வழக்கம்தான். பிள்ளைகள் கையை அவங்களே அசைச்சு விளையாடினா, பெரும்பாலானவங்களுக்குச் சில மாசத்துல அசைவு திரும்பிரும். கடைசிக் கொஞ்சம் நிமிர மட்டும் ஒரு வருஷம்கூட ஆகலாம்.

கரைமடி | இரவு 11.02

டாக்டர் தம்பி சொன்ன பூட்டு எனக்க கையிலதான் விழுந்தது. குளச்சல் பக்கம் கடல் தொழில். பத்து வருஷத்துக்கு முந்தி கரைமடி வலையைக் கரையில நின்னு இழுக்கும்போது வடத்துல கால் தட்டி விழுந்து இடது கைமுட்டு விலகிப்போச்சு. ஆஸ்பத்திரியில மூட்டைப் பிடிச்சுப் போட்டு, மூணு வாரம் கழிச்சு கட்டு அவிழ்த்தாங்க. அசைக்கச் சொன்னாங்க, வலிச்சதால நான் அசைக்கல.

அப்புறம் ஒருத்தர்கிட்ட போய் 14 நாள் உழிச்சல். நாலாவது நாள் முட்டு சூடாகி வீங்கிச்சு. “கெட்ட நீர் இறங்குது” என்றார். நான் துணியைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வலி தாங்கினா குணம் வரும்னு நம்பினேன்.

இரண்டு மாசத்துல கை 90 டிகிரியில நின்னுபோச்சு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. முட்டுக்கு முன்னால தொட்டா புளியங்கொட்டை மாதிரி கட்டி. அந்த எலும்பு முத்தினாத்தான் எடுக்க முடியும், இல்லேன்னா திரும்ப வளரும்னு ஒரு வருஷம் காத்திருக்க வச்சு ஆபரேஷன் செய்தாங்க. இப்ப முக்கால்வாசி வருது. அந்த ஒரு வருஷம் வலை இழுக்க முடியாம, கரையில மீன் பிரிச்சுக் கொடுத்துக் குடும்பம் நடத்தினேன்.

தங்கச்சி, உன் மாமிகிட்ட இதை வாசிச்சுக் காட்டு.

தம்பி, ஒரு கேள்வி. ஆபரேஷனுக்குப் பிறகும் சுண்டுவிரலும் பக்கத்து விரல்ல பாதியும் மரமரன்னு இருக்கு. ராத்திரி அதிகம். அது ஏன்?

ஆசான்_வீட்டுப்_பேரன் | மறுநாள் காலை 6.20

எங்க பாட்டா வர்மாணி ஆசான், வர்ம வைத்தியம் பாக்கிறவர். விளவங்கோடு பக்கம் மூணு தலைமுறையா அடிதடை, கட்டு, உழிச்சல் பாக்கிற வீடு. இந்த இழையைப் படிச்சுட்டு எங்க முறையைத் திட்டுறாங்கன்னு எனக்குத் தோணல. ஒண்ணு சொல்லணும்.

பாட்டா இடுப்பு உளுக்கு, கழுத்துப் பிடிப்பு, தோள் வலி எல்லாம் பாத்தார். கைமுட்டில் அடிபட்டு யார் வந்தாலும் கை வைக்க மாட்டார். “முட்டு கோவக்காரன், தொட்டா முறைப்பான்” என்பார். எக்ஸ்ரே எடுத்துட்டு வா என்று அனுப்பிருவார். அவர் காலத்துல மார்த்தாண்டத்துக்கு பஸ்ல போய்ப் படம் எடுத்து வரணும், அப்பவும் விடமாட்டார். கட்டு போடுற நேரத்துல நகத்தை அமுக்கி, ரத்தம் திரும்பச் சிவக்குதான்னு பாப்பார். அரை மணிக்கூர் கழிச்சு மறுபடி பாப்பார்.

நூற்றெட்டு வர்மமும் படிச்ச மனுஷனுக்கு எங்கே தொடக்கூடாதுன்னு தெரிஞ்சிருந்தது. உண்மையான ஆசான் உங்க பிள்ளையைப் பாத்தா திருப்பி அனுப்புவார். ஏழு நாள்ல நேராக்கித் தாறேன்னு சொல்றவர்கிட்ட போகாதீங்க அக்கா.

அயனிமரம் | காலை 7.05

கட்டைப் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். எங்க சித்தப்பா எட்டு வயசுல அயனிமரத்துல இருந்து விழுந்தார். முட்டு வீங்கிச்சு. ஊர்ல ஒருத்தர் மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டினார். ராத்திரி முழுக்க அலறியிருக்கார். ஒடிஞ்சா வலிக்கத்தானே செய்யும்னு எல்லாரும் தேத்தியிருக்காங்க. காலையில அலறல் நின்னதும் வலி குறைஞ்சிருச்சுன்னு வீட்டுல சந்தோஷப்பட்டாங்க. நரம்பு செத்ததால அலறல் நின்னிருக்கு.

இப்ப அவருக்கு வயசு அறுபத்தி மூணு. அந்தக் கை விரல்கள் பறவைக்கால் மாதிரி உள்ளே மடங்கியே இருக்கு. சட்டைப் பொத்தான் போட இன்னைக்கும் சித்திதான். அந்தப் படத்தை இங்க போட எனக்கு மனசு வரல.

எலும்புப்_பிரிவு | பிற்பகல் 2.30

அயனிமரம், நீங்க சொன்னதுக்கு வோக்மன் சுருக்கம் என்று பேர். ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோக்மன் 1881-இலேயே இறுக்கமான கட்டால இது வருதுன்னு எழுதினார். கைமுட்டுக்கு முன்னால பிரேக்கியல் தமனி ஓடுது, முன்கைக்கு ரத்தம் அதுவழிதான். ஒடிஞ்ச எலும்பு முனை அதைக் குத்தலாம். வீக்கமும் கட்டும் சேர்ந்து முன்கைத் தசைகளை நெரிக்கவும் செய்யலாம். ஆறு மணி நேரம் அப்படியே போனா தசை திரும்பி வராது.

இதைப் படிக்கிற எல்லாரும் ஒரே ஒரு அடையாளத்தை மனசுல வச்சுக்கோங்க. பிள்ளையின் விரலை நீங்க மெல்ல நிமிர்த்தும்போது முன்கையில உயிர் போற வலி வந்தா, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கிட்டே போனா, கட்டு யார் போட்டதா இருந்தாலும் உடனே தளர்த்தணும், ஆஸ்பத்திரிக்கு ஓடணும். கை வெளுக்கட்டும், நாடி நிக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது. அதெல்லாம் கடைசியா வர்றது.

விழுந்த உடனே என்ன செய்யணும்னு தனிச்செய்தியில ரெண்டு பேர் கேட்டாங்க. கை எந்தக் கோணத்துல இருக்கோ அப்படியே விடுங்க, நேராக்க வேண்டாம். கமுகம்பாளையோ மடிச்ச செய்தித்தாளோ அடியில தாங்கலா வச்சு, துணியால தளர்வாக் கட்டுங்க. சாப்பிடக் கொடுக்காதீங்க, மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். எண்ணெய் வேண்டாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்க, விரல்களை விரிக்கச் சொல்லுங்க, கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லுங்க. முடியலேன்னா எந்த நரம்புன்னு டாக்டருக்குப் புரியும்.

கரைமடி அண்ணாச்சி, உங்க விரல் மரமரப்பு அல்னார் நரம்பால. முட்டை இடிச்சா கரண்ட் அடிச்ச மாதிரி சுண்டுவிரல் வரைக்கும் ஓடுமே, அந்த நரம்புதான். முட்டின் உள்பக்கப் புடைப்புக்குப் பின்னால, தோலுக்கு அடியிலேயே போகுது. கையை மடக்கினா அது இழுபடும், அதனாலதான் மடக்கித் தூங்குற ராத்திரியில அதிகம். ஒரு துண்டைச் சுருட்டி முட்டைச் சுத்தித் தளர்வாக் கட்டிக்கிட்டுத் தூங்கிப் பாருங்க. ஆனா விரலிடுக்குத் தசை மெலிஞ்சிருந்தாலோ, பிடி தளர்ந்தாலோ தள்ளிப்போடாதீங்க. நரம்புப் பரிசோதனை செய்யணும்.

தக்கலை_அம்மை | மாலை 6.10

வாசிச்சுக் காட்டினேன். மாமி கரைமடி அண்ணன் எழுதினதைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, “அப்போ வேண்டாம்” என்றாங்க. வெள்ளிக்கிழமை போகல.

சும்மா இருக்கவும் மனசு கேக்கல. வீட்டுல நான் என்ன செய்யலாம்? மணல் வாளியைத் தூக்க வச்சா கை நீளும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

பிசியோ_அக்கா | மாலை 7.25

மணல் வாளி வேண்டவே வேண்டாம். எடை இழுக்கும்போது பிள்ளை வலிக்குப் பயந்து தசையை இறுக்கிக்குவான், கை இன்னும் மடங்கும்.

உங்க கை அவன் முட்டைப் பிடிச்சுத் தள்ளக்கூடாது, அவன் கை அவனாவே போகணும். அதுக்கு வேலையை விளையாட்டா மாத்துங்க. பெரிய பாத்திரத்துல இளஞ்சூட்டுத் தண்ணி வச்சு, ஒரு சிரட்டையில மோந்து இன்னொரு பாத்திரத்துல ஊத்தச் சொல்லுங்க. மோரும்போது நீளும், ஊத்தும்போது திரும்பும். சப்பாத்தி மாவு உருட்ட விடுங்க. சுவர்ல பந்தை எறிஞ்சு பிடிக்கட்டும். தினமும் நாலைஞ்சு தடவை, பத்துப் பத்து நிமிஷம் போதும். செஞ்சு முடிச்சு அரை மணி நேரத்துக்கு மேல வலி நின்னா, அல்லது முட்டு சூடானா, மறுநாள் குறைச்சுக்கோங்க. மரம் ஏறுறதும் ஊஞ்சலும் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இல்ல.

சோறு நீங்க ஊட்டாதீங்க. பிள்ளை பாவம்தான், ஆனா அந்த ஒரு வேலைக்கு ஈடான பயிற்சி கிடையாது. வாய்க்குக் கை போக முட்டு கிட்டத்தட்ட 130 டிகிரி மடங்கணும். முதல்ல நீளமான கரண்டி கொடுங்க, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குட்டையான கரண்டி. கடைசியா கை.

கதவு நிலையில முதுகைச் சாய்ச்சு நிக்க வச்சு, கையை எட்டுற வரைக்கும் மேலே நீட்டச் சொல்லி, விரல் நுனி தொடுற இடத்துல பென்சில் கோடு போடுங்க. வாரம் ஒரு கோடு. தினமும் போடாதீங்க, ஏமாற்றமா இருக்கும்.

பால்வெட்டு | இரவு 8.50

மன்னிக்கணும், குழந்தை விஷயத்துக்கு நடுவுல எனக்க விஷயம். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டு, நாளைக்கு 300 மரத்துக்கு மேல. ஒரு வருஷமா வலது கைமுட்டின் வெளிப்பக்க எலும்புல வலி. வெட்டும்போதாவது தாங்கலாம். பால் வாளியைத் தூக்கவும், ரோலர் கைப்பிடியைச் சுத்தவும், துணி பிழியவும் முடியல. ஒரு ஊசி போட்டேன், சொர்க்கம். ரெண்டு மாசத்துல முன்னைவிட மோசம். திரும்பப் போடலாமா? நானும் உழியக்கூடாதா?

எலும்புப்_பிரிவு | இரவு 10.40

அண்ணே, உங்களுக்கு வந்திருக்கிறது டென்னிஸ் எல்போ மாதிரி தெரியுது. நேர்ல பாத்துத்தான் உறுதி செய்யணும். டென்னிஸ் ஆடாதவங்களுக்குத்தான் அதிகம் வருது. நாற்பது, ஐம்பது வயசுல, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்றவங்களுக்கு. மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கிற தசைகள் முட்டின் வெளிப்புடைப்புல ஒரே இடத்துல வேர் விட்டிருக்கு. கத்தியைப் பட்டையில ஒரே ஆழத்துல இழுக்க மணிக்கட்டை இறுக்கி நிறுத்துறீங்க. 300 மரத்துக்கும் அந்த வேர்தான் பாரம் தாங்குது. சச்சின் டெண்டுல்கரே இதால மாசக்கணக்கில் ஆட முடியாம, 2005-இல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துக்கிட்டார். கரைமடி இழுக்கிறவங்களுக்கு இதே வலி உள்பக்கப் புடைப்புலயும் வரலாம்.

ஊசியைப் பத்தி (நீங்க போட்டது ஸ்டீராய்டு ஊசியா இருக்கும்): 2006-இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரை வச்சு ஒரு ஆய்வு நடந்தது. ஊசி போட்டவங்க, பிசியோதெரபி செய்தவங்க, சும்மா காத்திருந்தவங்க என்று மூணு பிரிவு. ஆறு வாரத்துல ஊசி போட்டவங்கதான் நல்லா இருந்தாங்க. ஒரு வருஷத்துல சும்மா காத்திருந்தவங்களே அவங்களைவிட நல்லா இருந்தாங்க. ஊசி போட்டவங்கள்ல நிறைய பேருக்கு வலி திரும்பியது. உங்க அனுபவமும் அதேதான். திரும்பப் போடாதீங்க.

செய்ய வேண்டியது: முன்கையை மேசையில வச்சு, உள்ளங்கை கீழே பாக்க, அரைக் கிலோ எடையைப் பிடிங்க. இடது கையால உதவி மணிக்கட்டை மேலே தூக்கி, வலது கையால மட்டும் ரொம்ப மெதுவா இறக்குங்க. பதினஞ்சு தடவை, மூணு சுற்று, தினமும். கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்ல. மூணு மாசம் விடாம செய்யணும். முட்டுக்கு ரெண்டு விரல்கடை கீழே பட்டை கட்டினா வெட்டும்போது தாங்கும். வாளியை உள்ளங்கை மேலே பாக்கிற மாதிரி தூக்குங்க. மழுங்கின கத்தியோட மல்லுக்கட்டாதீங்க, தினமும் தீட்டுங்க. இலை உதிர்ற காலத்துல வெட்டு நிக்குமே, அந்த வாரங்கள்ல வேறு கூலி வேலைக்குப் போய்க் கையை வருத்தாதீங்க. கூலி இல்லாத வாரம் எப்படின்னு கேப்பீங்க. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல.

உழிச்சல்: உங்களுக்கு எலும்பு ஒடியல, மூட்டு விலகல. முன்கைத் தசையை இதமாத் தடவிக்கிறதுல ஆபத்தில்ல, சுகமா இருந்தா செய்யுங்க. இந்தப் பிள்ளையின் கதை வேறு.

அங்கன்வாடி_டீச்சர் | மறுநாள் காலை 9.15

நானும் ஒண்ணு சொல்லட்டும். ரெண்டு வயசுப் பிள்ளையைக் கையைப் பிடிச்சுத் தூக்கிச் சுத்துவாங்களே, அதுல ஒரு பிள்ளைக்கு முட்டு நழுவினதை நான் பாத்தேன். வீக்கமே இல்ல, கையை மட்டும் தொங்கவிட்டு, தொட்டா அழுதான். டாக்டர் முன்கையை ஒரு திருப்பு திருப்பினார், “டக்” என்று ஒரு சத்தம். பத்து நிமிஷத்துல அதே கையால பிஸ்கட் வாங்கினான். வளையத் தசைநாருல இருந்து ரேடியஸ் தலை நழுவுறதாம். ஒண்ணுல இருந்து நாலு வயசு வரைக்கும் வருமாம். பிள்ளைகளைக் கக்கத்துல கை கொடுத்துத் தூக்குங்க.

தக்கலை_அம்மை | 3 வாரம் கழித்து

கோடு நாலு ஆச்சு. முதல் கோட்டுக்கும் நாலாவதுக்கும் நாலு விரல்கடை இடைவெளி. கரண்டி குட்டையாகி இப்ப தேக்கரண்டி. இதுவரைக்கும் நான் ஊட்டல. முதல் ரெண்டு நாள் அழுதான், நானும் அடுக்களையில நின்னு அழுதேன்.

டாக்டர் தம்பி, ரெண்டு கையும் சேர்த்து நீட்டிப் பாத்தா வலது கை கொஞ்சம் உள்பக்கமா சாயுற மாதிரி மாமிக்குத் தோணுதாம். அது சரியாயிருமா?

எலும்புப்_பிரிவு | அன்றே

மாமி கூர்மையாப் பாக்கிறாங்க, நன்றி சொல்லுங்க. உள்ளங்கையை முன்னால காட்டி நீட்டினா முன்கை உடம்பை விட்டு வெளிப்பக்கம் 5 முதல் 15 டிகிரி சாயும். ஒடிஞ்ச எலும்பு சாய்ந்து கூடினா அது உள்பக்கம் திரும்பும். மடங்குறது நிமிர்றது மாதிரி இல்ல, இந்தச் சாய்வு வளர வளரச் சரியாகாது. ஆனா முட்டு முழுசா நிமிராதபோது பாத்தா கண்ணு ஏமாத்தும். அடுத்த முறை போகும்போது “ரெண்டு கையின் சாய்வையும் ஒப்பிட்டுச் சொல்லுங்க” என்று நீங்களே கேளுங்க. கேக்கிறதுக்குத் தயங்காதீங்க அக்கா.

தக்கலை_அம்மை | மேலும் 2 மாதம் கழித்து

கேட்டேன். இந்தத் தடவை வேற டாக்டர், உக்கார வச்சுப் பேசினார். ரெண்டு கையையும் அளந்தார். மூணு டிகிரிதான் வித்தியாசம், கவலை இல்லைன்னு சொல்லிட்டு, ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை காட்டச் சொன்னார்.

இப்ப மடக்குறது முழுசா வருது. நீட்டும்போது ஒரு விரல்கடை பாக்கி. நேத்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது சட்டையின் கழுத்துப் பொத்தானை அவனே போட்டான். மாமி பாத்துட்டு நின்னாங்க. எண்ணெய்க் குப்பியை அலமாரியில இருந்து எடுத்து, அவனுக்க தலையில வச்சு விட்டாங்க.

கதவு நிலையில ஒன்பது கோடு இருக்கு. ஓணத்துக்கு வீடு வெள்ளையடிக்க ஆள் வந்தப்ப அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிட்டேன்.